மாதிரிப் பொதி எந்த விலாசத்துக்கு?

– அந்த வசனத்த மட்டும் போடேலா டீச்சர். மத்ததெல்லாம் நீங்க சொன்ன மாதிரியே போடுறன்.

– "எங்கை இருக்கிறீங்கள்" எண்டு கேக்கிறதிலை என்ன பிழை, ஷிராஸ்? பதினொரு மாசமா அதைத்தானே கேட்டுக்கொண்டு திரியிறன்.

– நீங்க உங்கட புருஷனக் கேக்கிறீங்க. ஆனா இந்த ஈமெயிலத் திறக்கிறது அவர்தானெண்டு யாரு கண்ட? அவரக் கொண்டு போனவங்க திறந்தா? உங்களயும் தூக்குவாங்க, அனுப்பின என்னயும் தூக்குவாங்க. வேலில போற ஓணானப் பிடிச்சு மடியில கட்டிக்கொண்ட கதையாப் போகும். எங்கட உம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்.

– பின்னை ஏன் எனக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னனீர்? சொல்லாமல் விட்டிருக்கலாமே.

– மனசு கேக்கல்ல. எங்கட தங்கச்சி றம்ஸியாவுக்கு ஒரு சதம் வாங்காம கணக்குப் படிச்சுக் குடுத்தீங்க. எங்கட கம்பனி கறுவாப்பட்ட விளம்பரம் மூவாயிரம் பேருக்கு ஈமெயில்ல போகுது. யாரு யாரு திறந்தாங்கெண்டு மறுநாள் லிஸ்ட் வரும். அவர் ஹோட்டலுக்கு எங்கள்ட்ட கறுவா வாங்கின காலத்துல பதிஞ்ச பேர், விவேகானந்தன். வருசம் முழுக்கத் திறக்காத ஆள் போன மாசம் ரெண்டு தரம் திறந்தீக்கி. அதக் கண்ட மறுகா எப்படி வாய மூடிக்கொண்டு ஈக்கிற?

– திறந்ததெண்டு உமக்கு என்னெண்டு தெரியும்? திருப்பி ஒருக்காச் சொல்லும்.

– இதோட நாலாவது தரம். விளம்பரத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு படம் வெக்கிற. கடுகளவும் இல்ல. ஆள் திறந்த உடனே அந்தப் படம் எங்கட மெஷின்ல இருந்து அவர்ட மெஷினுக்குப் போகும். போன நேரம் இங்க பதியும். இடம் கேட்டா கொழும்பு எண்டு மட்டும் காட்டும். கொழும்புல எந்த மூலையெண்டு அதுக்கும் தெரியாது.

– கொழும்பிலைதானே அவரை வான் வண்டியிலை ஏத்தினவங்கள். அப்ப அங்கைதான் வைச்சிருக்கிறாங்கள். அவர் இங்கிலீஷ் வடிவா எழுதுவார். ஏதும் கந்தோர் எழுத்து வேலை செய்விக்கிறாங்களாக்கும்.

– டீச்சர், ரெண்டு தரமும் அனுப்பி அரை மணித்தியாலத்துக்குள்ள திறந்தீக்கி. அடைச்சு வெச்ச ஆளுக்கு அப்படித் திறக்கேலுமா? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

– யோசிக்கிறதுக்கு என்னட்டை ஒண்டும் மிச்சமில்லை. வாற மாசத்தோடை ஒரு வருசம். மச்சான் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்திலை ஐயருக்குச் சொல்லியாச்சாம். ஆள் செத்திட்டாரெண்டு கிரியை செய்யப் போகினமாம். தாலியைக் கழட்டி வை பிள்ளை எண்டு மாமி கடிதம் போட்டிருக்கிறா. கழட்டவோ வேண்டாமோ எண்டு உந்தக் கொம்பியூட்டர் பெட்டிதான் எனக்குச் சொல்லவேணும்.

– சரி, அழாதீங்க. எங்கட முதலாளி முஹைதீன் ஹாஜியார் ஜும்ஆ முடிஞ்சு கடைக்கு வாறதுக்குள்ள செஞ்சிடுவம்.

– உமக்கும் தொழுகை இருக்கேயப்பா.

– அல்லா மன்னிப்பான். இங்க பாருங்க. மேல கம்பனி பேர். நடுவுல கறுவாப் படம். கீழ விலை.

– விலையும் வேணுமோ?

– விலை இல்லாத விளம்பரத்த யாரு நம்புற? பாக்கிறவனுக்கு இது நூறு குப்பையில ஒரு குப்பை. சுத்தமா, அழகா, கொட்டாவி வாற மாதிரி ஈக்கணும். கொஞ்சம் கோணினாலும் இது என்னெண்டு பாப்பான்.

– உதுக்குள்ளை என்னை அவர் எப்பிடிக் காணுவார்?

– அதத்தான் நீங்க சொல்லணும்.

– பொறும்... முந்தி ஒரு விளம்பரம் அனுப்பினனீங்களெல்லே? மாதிரிப் பொதி சும்மா தாறம், விலாசத்தை எழுதி அனுப்புங்கோ எண்டு. அது வாற நேரமெல்லாம் அவர் என்ரை பேருக்குத்தான் எடுப்பிப்பார். "காசு குடுத்து வாங்கினா ஹோட்டலுக்கு, சும்மா வந்தா சரோவுக்கு" எண்டு பகிடி விடுவார்.

– அதப் போடலாம். அதுல பயமில்ல. பேரும் விலாசமும் எழுத ஒரு பெட்டி வெச்சா சரி.

– அவரெண்டா எங்கடை வீட்டு விலாசத்தை எழுதுவார். வேறை ஆக்களெண்டா தங்கடை விலாசத்தைப் போடுவாங்கள், இல்லாட்டிப் பேசாமல் விடுவாங்கள். அவங்களுக்கு நான் இருக்கிற இடம் என்னெண்டு தெரியும்? உதிலை பிழை இருந்தாச் சொல்லும்.

– கணக்கு டீச்சருக்கு நான் என்ன பிழை சொல்ற. எனக்கொண்டும் தெரியல்ல.

– அப்ப அனுப்பும்.

– மூவாயிரம் பேருக்கும் போகட்டும். அவருக்கு மட்டும் போனா நாளைக்கு யாரும் வந்து கேட்டா மாட்டிக்கொள்ளுவன். ஹாஜியார் மூவாயிரம் பொதியயும் என்ட தோல உரிச்சுத்தான் கட்டுவாரு... போயிட்டு. அந்தக் கதிரைல இருங்க டீச்சர்.

– இருக்கேலாது. நிக்கிறன்.

– டீ ஒண்டு கொண்டு வரவா?

– ஒண்டும் வேண்டாம். என்னைப் பாராதையும், திரையைப் பாரும்.

– ஜெர்மனில ஒரு ஆள் திறந்தீக்கி. நுவரெலியால ரெண்டு பேர்.

– எனக்கு நுவரெலியா வேண்டாம்.

– இன்னும் கால் மணித்தியாலம் ஆகல்ல டீச்சர். கைய அப்படிப் பிசையாதீங்க, தோல் உரிஞ்சு வருது.

– பதினொரு மாசம் முகாம் முகாமாத் திரிஞ்சனான். ஒரு இடத்திலையும் அவற்றை பேர் இல்லை. செத்த ஆக்களின்ரை லிஸ்டிலையும் இல்லை. தலைக்கு மேலை வெள்ளம் போனாப் பிறகு சாணென்ன முழமென்ன எண்டுதான் உம்மட்டை வந்தனான். நான் பயந்தால் அவரை ஆர் தேடுறது?

– டீச்சர்.

– என்ன?

– திறந்தாச்சு. பன்னண்டு ஐம்பத்திரெண்டு. அவர்ட ஈமெயில் முகவரிதான். இடம் கொழும்பு.

– பேந்து?

– பொறுங்க, பெட்டியில ஏதோ எழுதுறாங்க போல... வந்துட்டு. டீச்சர், பொதி அவருக்கில்லயாம். சரோஜினிதேவி எண்ட பேருக்காம்.

– முருகா. நான் சொன்னனானெல்லே. நான் சொன்னனான். இருக்கிறார், என்ரை மனிசன் இருக்கிறார். இண்டைக்கே மச்சானுக்கு டெலிபோன் எடுத்து ஐயரை நிப்பாட்டச் சொல்லுறன். மாமியும் இனிப் பார்ப்பா.

– அல்ஹம்துலில்லாஹ். நான் நம்பல்ல டீச்சர், மன்னிச்சுக் கொள்ளுங்க. வேண்டாத கதையெல்லாம் சொல்லி உங்களப் பயப்படுத்திட்டன்.

– அதை விடும். அவர் எழுதினதை ஒருக்கா வாசியும். எனக்குக் கண் தெரியேல்லை.

– வாசிக்கிறன். சரோஜினிதேவி விவேகானந்தன். இலக்கம் நாற்பத்தேழின் கீழ் மூண்டு, அம்பிட்டிய ரோட், கண்டி. மேல்மாடி, பின்பக்க அறை.

– திருப்பி வாசியும்.

– நாற்பத்தேழின் கீழ் மூண்டு, அம்பிட்டிய ரோட். மேல்மாடி, பின்பக்க அறை. ஏன் டீச்சர், உங்கட விலாசம் இல்லயா?

– என்ரை விலாசம்தான்.

– மறுகா ஏன் மொகமெல்லாம் வெளுத்து நிக்கிறீங்க?

– அவரைக் கொண்டு போகேக்கை நாங்கள் கடுகண்ணாவையிலை இருந்தனாங்கள், தம்பி. அந்த அறைக்கு நான் வந்து இண்டையோடை நாலு நாள்.