மேல்முறையீட்டில் ஒரே ஒரு திருத்தம்

உங்கள் சட்டைக்கு இஸ்திரி போட்டவனுக்குத் தொழில் தெரியாது, வக்கீல் சார். காலரை உள்பக்கம்தான் முதலில் தேய்க்க வேண்டும். போகட்டும், அதைச் சொல்ல உங்களைச் சிறைக்கு வரவழைக்கவில்லை.

தீர்ப்பைப் படித்தேன். 'ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல், கையில் கிடைத்ததைக் கொண்டு தாக்கிவிட்டார்' என்று நீதிபதி எழுதியிருக்கிறார். தண்டனையைக் குறைத்துவிட்டதாக அவருக்குப் பெருமை வேறு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி மட்டு என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த வரியை எதிர்த்துத்தான் மேல்முறையீடு.

என் சலவைக் கடையில் மனைவியின் தம்பி வேலை பார்த்தான். வேலை பார்த்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. அன்று ஒரு வாடிக்கையாளரின் பட்டுச் சட்டைமேல், பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தான். சட்டை முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம். ஏண்டா என்று கேட்டேன்.

"சட்டைதானே அத்தான், தோலா உரிஞ்சு போச்சு?" என்று சிரித்தான்.

நான் கத்தவில்லை. கத்துவதெல்லாம் கையாலாகாதவன் வேலை. கடைக் கதவைச் சாத்தினேன். பெட்டியின் சூட்டைப் பட்டு அளவுக்குக் குறைத்தேன். பிழைக்க வேண்டிய பையன், கை ஒரேயடியாகக் கெட்டுவிடக் கூடாது. சூடு இறங்கும்வரை டீ குடித்தேன். அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். பிறகு இடது கையை மேசைமேல் வைக்கச் சொன்னேன். ஏதோ தொழில் கற்றுக்கொடுக்கப் போகிறேன் என்று நினைத்து வைத்தான். அதில் தவறில்லை, கற்றுத்தான் கொடுத்தேன். சட்டைமேல் பெட்டி எவ்வளவு நேரம் இருந்ததோ அவ்வளவு நேரம்தான் அவன் கைமேலும் இருந்தது. இதில் கண்மண் தெரியாதது எது?

அலறல் கேட்டு என் மனைவி கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். தம்பிக்காரன் சாட்சி சொல்ல வரவில்லை; கோர்ட்டில் அவள்தான் ஒரே சாட்சி. "அவருக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதுங்க. மத்தபடி நல்லவரு" என்றாள். என்னைக் காப்பாற்றுகிறாளாம். நீதிபதியும் அதை அப்படியே தீர்ப்பில் எழுதி வைத்துவிட்டார்.

இப்போது நீங்கள், "சார், வாய மூடிட்டிருங்க. யோசிச்சுப் பண்ணீங்கன்னு தெரிஞ்சா தண்டனை ரெண்டு மடங்காயிடும்" என்கிறீர்கள். ஆகட்டும். கோபக்காரன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போய் நான் யார் முகத்தில் விழிப்பது?

என் மனைவிக்கும் உண்மை தெரிய வேண்டும். போன வாரம் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "கோவத்துல பண்ணிட்டீங்கன்னு நெனச்சுத்தான் இன்னும் வந்து பாத்துட்டிருக்கேன்" என்று அழுதாள். நிதானமாக, யோசித்துத்தான் செய்தேன் என்று தெரிந்தால் அவளுக்கு மனசு ஆறிவிடும். தன் முதுகில் இருக்கிற தழும்புகளைக்கூட என் கோபம் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.