இரண்டு ஜிப் வைத்த நைட்டி

மதியம் இரண்டு நாற்பது. ஆமாம், மதியம்தான். பேய் என்றால் நடுராத்திரிதான் டூட்டிக்கு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? கரண்ட் போனதும் மாடிப்படியில் இப்படி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே... இதைக் கேட்டபின் நாளை பட்டப்பகலில் உங்கள் வீட்டுப் பூட்டைத் திறக்கவும் யோசிப்பீர்கள். பயந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். லிஃப்ட் வேலை செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் ஓரகத்தியின் தங்கைக்கு நடந்தது. செருப்புக் கம்பெனியில் தையல் மெஷின் வேலை அவளுக்கு. காலை ஆறு மணி ஷிப்ட். முடிந்ததும் கம்பெனி பஸ் இரண்டு நாற்பதுக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை. இரண்டு பக்கமும் குடோன் சுவர். ஒரு கடை கிடையாது, ஒரு ஆள் கிடையாது... வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டும். அந்த ரோட்டில் அவள் நடந்ததே இல்லை. ஓடுவாள். வீட்டில் மூன்று மாதக் குழந்தை காலையிலிருந்து பட்டினி.

பால் இல்லாமல் இல்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, பீய்ச்சி, இரண்டு பாட்டில் நிரப்பி பிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் போவாள். கூட இருந்த நாத்தனார் அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பாள். குழந்தை நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளும். முகத்தைத் திருப்பும். வாயை இறுக்கிக்கொள்ளும். நாலு விதமான நிப்பிள் வாங்கிப் பார்த்தாயிற்று. ஸ்பூனில் ஊற்றினால் கழுத்து வழியே ஒழுகவிட்டு, கத்திக் கத்தித் தூங்கிப்போகும்.

ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். பாட்டிலை மாற்று, அறையை மாற்று, தூக்கத்தில் கொடு... வேலையை விடு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த வீடே அவள் சம்பளத்தில்தான் ஓடியது. புருஷன் லாரியில் போகிறவன். வாரம் ஒரு நாள் வருவான். குழந்தையைத் தூக்கிப் பார்த்து, "இளைச்சிருக்கே" என்பான். பெரிய கண்டுபிடிப்பு.

ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். இரண்டு வாரத்தில் முந்நூறு கிராம் குறைந்திருந்தது. இன்னும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வெளியே வந்தவளை அங்கிருந்த நர்ஸ் நிறுத்தினாள்.

"நீ கட்டிக் கழட்டின துணி ஏதாவது இருக்கும்ல, அதைத் துவைக்காம குழந்தைய அதுல சுத்திக் குடுக்கச் சொல்லு. அம்மா வாசனை இருந்தா குடிக்கும்."

அதை நாத்தனாரிடம் சொன்னாள். மறுநாள் ஓடி வந்து பார்த்தால் வீடு நிசப்தம். குழந்தை கை விரித்துத் தூங்குகிறது. வயிறு நிறைந்து மேடாக இருக்கிறது. கடைவாயில் பால் காய்ந்த தடம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிரிட்ஜைத் திறந்தாள். இரண்டு பாட்டிலும் நிரம்பியபடியே இருந்தன.

"குடிச்சாளா அண்ணி?"

"குடிச்சிருப்பா. நான் அசந்துட்டேன்."

குடித்திருப்பாளாம். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. நீங்களாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டீர்கள். அடுத்த வாரம் எடை ஏறியிருந்தது. அதற்கடுத்த வாரம் இன்னும். பாட்டில்கள் மட்டும் தினமும் அப்படியே இருந்தன. இன்னொன்று... குழந்தையின் தலையில் பாச்சை உருண்டை வாசனை அடித்தது. பெட்டியிலிருந்து ஏதோ போர்வை எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு குழந்தை அவளிடமும் குடிக்க மறுத்தது.

பாட்டிலைத் தள்ளிய மாதிரியே தாயையும் நாக்கால் தள்ளியது. அவளுக்குப் பால் கட்டிக் கல்லாகிவிட்டது. ராத்திரி பாத்திரம் கழுவும் தொட்டியில் குனிந்து நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் பாலைத் தானே பீய்ச்சிக் கொட்டுவாள். பயத்தைவிடப் பொறாமைதான் அதிகம் இருந்தது என்று என் ஓரகத்தியிடம் சொல்லியிருக்கிறாள். யார் மேல் பொறாமை என்பதுகூடத் தெரியாமல் வயிறெரிந்தாளாம்.

ஒரு நாள் கம்பெனியில் மெஷின் நின்றுபோய் பஸ்ஸை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். இரண்டு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் நின்றாள். கதவில் கை வைத்தாள்... உள்ளே ஒரு சத்தம்.

ஸ்ர்ர்ர்... ஜிப் இழுக்கிற சத்தம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், க்ளக்... க்ளக்... க்ளக்... பிள்ளை பால் விழுங்குகிற சத்தம். பெற்றவளுக்கு அது தெரியாதா?

கதவைத் தள்ளினாள். முன்னறையில் நாத்தனார் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் குழந்தை மட்டும். ஒரு நீல நைட்டி அதைச் சுற்றியிருந்தது. பால் கொடுப்பதற்கென்று மார்பில் இரண்டு பக்கமும் ஜிப் வைத்துத் தைப்பார்களே, அந்த மாதிரி நைட்டி. ஒரு ஜிப் திறந்திருந்தது. மார்புப் பக்கம் வட்டமாக இரண்டு ஈரம். தொட்டாள். சூடாக இருந்தது.

அவளிடம் அப்படி ஒரு நைட்டியே கிடையாது.

நாத்தனாரை உலுக்கி எழுப்பினாள். "யாரோடது இது?"

நாத்தனார் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். "உன் துணியெல்லாம் காலைலயே துவைச்சுப் போட்டுட்டுப் போயிட்ட. நான் எங்க போறது? பெட்டியில மூத்தவளோடது இருந்துச்சு. துவைக்காததுதான். துணிதானேன்னு எடுத்தேன்."

"நான் வர்றதுக்குள்ள தினமும் எடுத்து மறைச்சிருக்கீங்களே. துணிதானேன்னா ஏன் மறைச்சீங்க?"

நாத்தனார் உடைந்து அழுது எல்லாவற்றையும் கொட்டினாள்.

மூத்தவள் என்றால் புருஷனின் முதல் மனைவி. காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்லித்தான் இவளைக் கட்டிவைத்தார்கள். என்ன காய்ச்சல் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அவளும் அதே கம்பெனி, அதே ஷிப்ட், அதே பஸ். பால் கட்டி, மார்பு வீங்கி, குளிர்ஜுரம் வந்தபோதும், "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோ, லீவு போட்டா வேலை போயிடும்" என்று அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியது இந்த நாத்தனாரும் அந்த லாரிக்காரனும்தான். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். அவளுடைய பிள்ளை பாட்டிலைத் தொடவில்லை. பதினோரு நாள்... வாயைத் திறக்காமலே அதுவும் போய்ச் சேர்ந்தது.

தங்கை அழவில்லை. நைட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டு, கை சிவக்கக் கசக்கி, கொடியில் காயப்போட்டாள். அந்த வெயிலில் கல்லே வெடித்துவிடும். சாயங்காலம் போய்ப் பார்த்தாள். நைட்டி முழுக்க மொரமொரவென்று காய்ந்திருந்தது. மார்பில் அந்த இரண்டு வட்டம் மட்டும் ஈரம்.

சுருட்டிப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

அன்றிலிருந்து குழந்தை யாரிடமும் குடிக்கவில்லை. வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்து கெஞ்சினாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு ராத்திரி டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். குழாய் வைத்து ஊட்டினால் அத்தனையையும் கக்கியது. நாலாம் நாள் உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. இன்னும் எத்தனை நாள் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். இந்த வீட்டில் ஏற்கனவே ஒரு பிள்ளை போட்டுவிட்டுப் போன கணக்கு.

அவளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். அவளே குழந்தையைச் சுற்றினாள். வாசற்படி வரைக்கும் வந்து, திரும்பிப் பார்க்காமல் சொன்னாளாம். "அக்கா... வந்து குடுத்துட்டுப் போங்க. நான் வெளியில இருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தாள்.

ஸ்ர்ர்ர்...

பெற்றவளை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே பிள்ளை பால் குடிக்கிறது. அன்று அவள் பட்டதை என்னால் சொல்ல முடியாது. தன் மார்பில் கட்டிய பால் தானாக ஒழுகி வாசல் சிமெண்டில் சொட்டியது என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு அதுவே நடைமுறையாகிவிட்டது. அவள் வேலைக்குப் போனபின் நாத்தனார் குழந்தையை நைட்டியில் சுற்றிவைப்பாள். இரண்டு நாற்பது பஸ், பத்து நிமிடம், வாசலில் நின்று காத்திருந்து, உள்ளே சத்தம் அடங்கிய பின் கதவைத் திறப்பது. ஒன்றரை வயதில் குழந்தை தானாகவே பால் மறந்து சோறு தின்ன ஆரம்பித்தது. நைட்டியைச் சுற்றுவது அன்றோடு நின்றது. புருஷனோடு அவள் பேசுவதும் எப்போதோ நின்றுவிட்டது. நாத்தனார் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

போன மாதம் என் ஓரகத்தி அங்கே போயிருந்தாள். தங்கையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, அந்தக் குடோன் ரோட்டில் நடந்து, வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் பூட்டு தொங்குகிறது. சாவி தங்கையின் கையில். ஆனால் திறக்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி, திற. தாகமா இருக்கு."

"கொஞ்சம் இருக்கா. இன்னும் முடியல."

ஓரகத்தி கதவில் காது வைத்தாள். பாச்சை உருண்டை வாசனை... ஜிப் இழுக்கிற சத்தம். அப்புறம் க்ளக்... க்ளக்... அவசரமாக, ரொம்ப நாள் பட்டினி கிடந்த பிள்ளை குடிக்கிற மாதிரி.

தங்கையின் மகளுக்கு இப்போது ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்கு வருவதே நாலு மணிக்குத்தான்.