ஐந்து பட்டறைக்கு ஒரு பேனல் பிட்

தலைமையேற்றிருக்கும் பெரியவர் குப்பண்ணன் அவர்களே, இந்த வாசகசாலையின் நிர்வாகிகளே, வேலந்தாவளம் சாலையின் ஐந்து மரப்பட்டறைகளிலும் வேலை செய்யும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜீவிதா அவர்களே, உள்ளே வராமல் வாசல்படியிலேயே நின்றுகொண்டிருக்கும் நண்பர் ஜோஜோ அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கேரள எல்லைப் பகுதியில் இரங்கல் கூட்டம் நடந்தால் நான் பின்வரிசையில் உட்கார்ந்து செய்தி எடுப்பவன். இன்று என்னை மேடையில் நிற்கச் சொன்னவர் ஜீவிதா. "நல்லவரு வல்லவருன்னு எல்லாரும் சொல்லிப்போடுவாங்க சார். நீங்க நடந்ததை நடந்தாப்புல சொல்லுங்க" என்றார். அவருடைய கணவர், நம் மரப்பட்டறைக் கூட்டமைப்பின் செயலாளர் தனபால் அவர்களைப் பற்றி அப்படித்தான் பேசப்போகிறேன். சிலருக்குக் கசக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் நுழைந்து வந்த கதவைத் திரும்பிப் பாருங்கள். இரட்டைக் கதவு. சட்டத்தின் காடிக்குள் ஓரம் சரித்து இழைத்த தேக்குப் பலகைகள் உட்கார்ந்திருக்கின்றன. இடது கதவின் கீழ்க்கட்டத்தில் மட்டும் பலகை இல்லை. பிளைவுட் அடித்து மூடியிருக்கிறது. அந்த ஒரு பலகையை இழைக்கும்போதுதான் தனபால் இறந்தார். நாம் இன்று வந்து உட்கார்ந்திருப்பது அவர் முடிக்காத கதவுக்குள்ளே!

யார் இந்த தனபால்? மரத்தைக் குடைந்து வெட்டும் ரூட்டர் மெஷினில் எந்த வேலைக்கு எந்த பிட், அதாவது எந்த வெட்டு அலகு, என்று கேட்டால், பதிலுக்கு முன் ஒரு கேள்வி கேட்பவர். "யாரு புழங்குறதுங்க?" என்பார். நம் அங்கன்வாடிக்கு பெஞ்சு செய்யச் சொன்னோம். விளிம்பெல்லாம் பூவேலை பிட் ஓட்டித் தரும்படி கமிட்டியே கேட்டது. முடியாது என்றார் தனபால். "ஏனுங்க, அந்த வளைவு நெளிவுல கூரா ஒரு உதடு நிக்கும். குழந்தை விழுந்தா நெத்தியில ஏறும். போதாததுக்கு சோத்துப்பருக்கை போய் அடையும்" என்று சொல்லிவிட்டு, எல்லா விளிம்புக்கும் உருட்டு பிட்டையே ஓட்டினார். பார்க்க மொட்டையாக இருக்கிறது என்று நாம் குறை சொன்னோம். இன்றுவரை அந்த பெஞ்சில் ஒரு குழந்தைக்கும் காயமில்லை.

குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வேலுத்தாய் அம்மாள் இங்கே வந்திருக்கிறார். மழைக்காலத்து ஈரத்தில் அவர் கடையின் இழுப்பறைகள் பசை விட்டுக் கழன்று கையோடு வந்தன. தனபால் போய்ப் பார்த்தார். புறாவின் வால்போல விரிந்த பல்லை வெட்டும் பிட்டைப் போட்டு, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் மூட்டுகளாகச் செய்துகொடுத்தார். நல்ல மரத்தில் கைவைக்கும் முன் துண்டு மரங்களில் வெட்டிப் பார்த்தார். பிட்டை ஒரு மயிரிழை ஏற்றினார், மறுபடி இறக்கினார். கூடப் போயிருந்த நான் இன்னும் எவ்வளவு நேரம் என்று பொறுமையிழந்து கேட்டதற்கு, "கையில தள்ளுனா போகப்படாது நிருபரே, சுத்தியல்ல மெதுவா தட்டுனா போகோணும். அது வார வரைக்கும் உங்களுக்கு டீ நாந்தான்" என்றார். நான்காவது டீயில் மூட்டு சேர்ந்தது.

இப்படிப்பட்டவர் எப்படி மெஷினில் சாவார்? இந்தக் கேள்வியோடுதான் நான் இத்தனை நாளும் அலைந்தேன்.

கதவுப் பலகையின் ஓரத்தைச் சரிக்கும் பேனல் பிட்டைப் பற்றித் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளங்கை அகலம் இருக்கும். வாங்குவதும் பெரிய செலவு. தினசரி தேவைப்படுவதும் இல்லை. முன்பு இந்த ஐந்து பட்டறைகளும் ஒன்றின் வேலையை ஒன்று தட்டிப் பறித்துக்கொண்டிருந்தன. ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போனதில்லை. அந்த ஐவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, "ஆளுக்கொன்னு எதுக்குங்க? சேந்து ஒன்னு வாங்குவோம், முறை வெச்சு ஓட்டுவோம்" என்றவர் தனபால். குப்பண்ணன், ராஜசேகர், பூபதிராஜா, ஜோஜோ, தனபால். பிறகு மறுபடியும் குப்பண்ணன். இந்த வரிசையில் அந்த பிட் சுற்றி வந்தது. பிட்டோடு சேர்ந்து பேச்சும் வந்தது, சிரிப்பும் வந்தது, வளைகாப்பு அழைப்பும் வந்தது. ஒரு இரும்புத் துண்டு ஐந்து குடும்பங்களைச் சேர்த்துவைத்தது! நானே அதைச் செய்தியாக எழுதினேன். ஐந்து பேரும் தோளில் கை போட்டுச் சிரிக்கிற படத்தோடு வந்தது.

அந்தச் செய்தியில் நான் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அப்போது அது இன்னும் தொடங்கியிருக்கவில்லை. எல்லோருக்கும் சொந்தமான பிட்டை யார் கூர் தீட்டுவது? அடுத்தவர் தீட்டுவார் என்று ஒவ்வொருவரும் இருந்தார்கள். பிசின் படிந்தால் யார் துடைப்பது? அடுத்தவர். யார் அந்த அடுத்தவர்? ஒவ்வொரு சுற்றிலும் தனபால்!

ஒருமுறை பிட்டின் உச்சியில் சுழலும் சின்ன பேரிங் உடைந்தே அவர் கைக்கு வந்தது. கோயம்புத்தூர் போய்ப் புதிது வாங்கி மாட்டினார். யார் உடைத்தது என்று கேட்கவில்லையா என்றேன். "கேட்டா என்ன ஆகும்? நான் இல்லே நீதான்னு கிளம்பி, மறுபடி அஞ்சு ஊடும் அஞ்சு திக்குக்குப் போயிரும். போச்சாதுங்க, பேரிங்தானே" என்று சிரித்தார். அன்று எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. இன்றும் பெருந்தன்மைதான். ஆனால் தோழர்களே, கெட்டுப்போனதை ஒருவர் சத்தமில்லாமல் சரிசெய்துகொண்டே இருந்தால், கெடுத்தவருக்குத் தான் கெடுத்தது எப்போது தெரியும்? நாம் மாலை போட்டுப் புகழ்கிற அந்தக் குணமே அவரைக் கொன்றது. இதைச் சொல்ல என் நாக்கு கூசுகிறது.

நடந்தது இதுதான். ஜோஜோவின் பட்டறையிலிருந்து பிட் தனபாலிடம் வந்தது. வாசகசாலைக் கதவுக்கான பலகைகளை மேசை ரூட்டரில் இழைத்தார். மெஷினின் சுற்றைக் குறைத்துவைத்திருந்தார். ஒரேயடியாக வெட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வெட்டினார். குறுக்கு ஓரத்தை முதலில், நெடுக்கு ஓரத்தைப் பிறகு. எதிலும் அவசரம் இல்லை. கடைசிப் பலகைக்கு முன் பிட்டைக் கழற்றித் துடைத்தார். மெஷினின் பிடி கவ்விக்கொள்ளும் அதன் தண்டை நகத்தால் வருடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறார் பக்கத்தில் பலகைகளுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்த ஜீவிதா. "என்னங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஒன்னுமில்ல. இன்னும் ஒரே பலகைதான். நீ அக்கட்ட தள்ளி நில்லு" என்றிருக்கிறார். ஜீவிதா தள்ளி நின்றார். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்டு பிடியிலிருந்து நழுவி மேலேறியது. பிட் வெளியே பறந்து அவர் கழுத்தில் பட்டது. பாலக்காடு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

போலீஸ் விசாரித்து, விபத்து என்று முடித்து, பிட்டை ஜீவிதாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் இங்கே தலைமையேற்றிருக்கும் குப்பண்ணன் அவர்கள். இதை மேடையில் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். "சொல்லுங்க. பேசுனது நெசந்தானுங்களே" என்றார். அந்த நேர்மைக்கு நன்றி. போனில் அவர் சொன்னது இது: "தப்பா நினைக்காதே கண்ணு. அந்த பிட்டு ஊட்டுல இருந்தா ஆளை அனுப்பட்டுமா? மண்டபத்து வேலை நிக்குது. அடுத்த முறை நம்முளுதுதான்."

ஜீவிதா கோபிக்கவில்லை. "அனுப்புங் பெரியப்பா. ஆனா எடுத்துட்டுப் போறவங்க, அது உங்க கையை உட்டுப் போனப்போ எப்படி இருந்துச்சுன்னு எங்கிட்டச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போகட்டுங்" என்றார். போன் துண்டிக்கப்பட்டது. ஆள் வரவில்லை.

ஜீவிதா கேட்டது அவ்வளவுதான். பிட் கெட்டுப்போய் அவர் கணவர் கைக்கு வந்ததா, அவர் கையில் கெட்டுப்போனதா? ஊரில் இரண்டு பேச்சு ஓடுகிறது. டீக்கடையில் ஒரு கூட்டம், "கடைசியா ஜோஜோ கையிலதானே இருந்துச்சு? அப்புறம் என்ன?" என்கிறது. அதனால்தான் அவர் வாசல்படியைத் தாண்டவில்லை. இன்னொரு கூட்டம், "அடுத்தவனுக்கெல்லாம் புத்தி சொல்லுவாரு, தன் மெஷினைப் பாக்கலே" என்று தனபாலையே சொல்கிறது. ஜீவிதாவின் காதுபடவே சொல்கிறது!

நான்கு பட்டறைக்கும் போனேன். நான்கு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றார் குப்பண்ணன். "நான் ரெண்டே கதவுதானுங்க ஓட்டுனேன், எனக்கென்ன தெரியும்? நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ராஜசேகர். "பழைய பிட்டு தேயத்தான் செய்யும். எங்கிட்ட நல்லா ஓடுச்சு" என்றார் பூபதிராஜா. "என்டெ கையில ஒரு கேடும் இல்ல சாரே, சத்தியம்" என்றார் ஜோஜோ.

நான்கு நல்லதையும் கூட்டிப் பாருங்கள். என்ன விடை வருகிறது? கெடுத்தவர் தனபால் என்று வருகிறது! பதில் சொல்ல முடியாத ஐந்தாவது ஆள் தலையில் பழி போய் உட்காருகிறது. நீங்கள் நால்வரும் அவருக்கு எதிராக ஒரு வார்த்தையும் பேசவில்லை. உங்களைக் காப்பாற்றிக்கொண்டீர்கள், அவ்வளவே.

அந்த பிட்டை ஜீவிதாவிடம் வாங்கி, பாலக்காட்டுச் சித்தூரில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். தண்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு தேய்வு. அந்தத் தேய்வுக்குள் துரு. தனபாலின் பட்டறைக்கு வந்து மெஷினையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இது ஒரு நாள்ல வார தேய்வு இல்லீங்க. எங்கியோ லூசான பிடியில ரொம்ப நாள் சுத்தியிருக்கோணும். தனபாலண்ணன் மெஷினோட பிடி புதுசாட்டமே இருக்குது." ஆகவே அது கெட்டுத்தான் வந்தது. எந்தப் பட்டறையில் கெட்டது? எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லமாட்டேன். ஜோஜோதான் என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. நால்வரில் யாராகவும் இருக்கலாம்.

தனபால் அதைப் பார்த்தார். நகத்தால் வருடினார் என்றால் பார்த்தார். பார்த்தும் ஏன் ஓட்டினார்? இனி நான் சொல்வது ஊகம். ஊகத்தை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன். "இது கெட்டுப்போச்சு" என்று அவர் வாயைத் திறந்தால் யார் என்ற கேள்வி வரும். ஜோஜோ பூபதிராஜாவைக் கேட்பார், பூபதிராஜா ராஜசேகரைக் கேட்பார். அவர் சேர்த்துவைத்த ஐந்து வீடுகளும் மறுபடி பிரியும். ஒரே பலகைதானே, முடித்துவிட்டு, பேரிங்கைப் போல இதையும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்திருப்பார். அவர் செய்தது தவறு. தெரிந்தே செய்த தவறு. அதை மறைத்து அவரைப் புகழ்ந்தால் அவரே ஏற்கமாட்டார். ஆனால் அந்தத் தவறை அவர் யாருக்காகச் செய்தார்? நமக்காக ஐயா, நமக்காக!

எதைக் காப்பாற்ற அவர் வாய் மூடினாரோ, அது இன்று இருக்கிறதா? ஜோஜோ வாசலில் நிற்கிறார். ராஜசேகரும் பூபதிராஜாவும் கூடத்தின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். போனதெல்லாம் போய்விட்டது தோழர்களே. அவரும் போனார், அவர் சேர்த்ததும் போனது.

இங்கே வாசிக்க ஒரு தீர்மானம் தயாராக இருக்கிறது. "எதிர்பாராத விபத்து" என்று அதில் இருக்கிறது. துருப்பிடிக்கும் அளவுக்குப் பழைய தேய்வு, எதிர்பாராதது எப்படி ஆகும்? அந்தச் சொல்லை எடுத்துவிடும்படி தலைவரை வேண்டிக்கொள்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதியெடுப்பது இப்படிப்பட்ட கூட்டங்களின் வழக்கம். வாளையாரில் லாரி மோதிச் செத்தவர்களுக்காக நடந்த கூட்டங்களில் எத்தனையோ உறுதிமொழிகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். மறுநாள் லாரிகள் அதே வேகத்தில்தான் போயின. ஆகவே எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். இனி எந்தக் கருவியும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும்போது, அதன் கோளாறை முதலில் சொல்லிக் கொடுப்போமா? வாங்குகிறவர் கோபிக்காமல் கேட்டுக்கொள்வோமா? தனபால் செய்யத் தவறிய ஒன்று இதுதான். அவர் பணியைத் தொடர்வது என்றால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவதுதானே?

அந்த உறுதிமொழியின் முதல் வாக்கியம் ஜீவிதாவுக்குச் சேரவேண்டியது. இதோ, அந்த பிட்டை மேசைமேல் வைக்கிறேன். முறைப்படி அடுத்தது குப்பண்ணன் பட்டறை. எடுத்துப்போகலாம், இனி எந்த மெஷினிலும் மாட்டுவதற்கல்ல. ஆனால் எடுப்பவர் யாராக இருந்தாலும், ஜீவிதா கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். நால்வரில் ஒருவருக்காவது தெரியும். ஒரு பிட் தன் மெஷினில் நழுவியது ஓட்டியவருக்குத் தெரியாமல் இருக்காது. ஜீவிதா யாருக்கும் தண்டனை கேட்கவில்லை, யாரையும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் இல்லை. "அது எங்கிட்டயே கெட்டுத்தான் இருந்துச்சு" என்ற ஒரு வாக்கியம் போதும் அவருக்கு. இல்லையென்றால் தன் கணவரைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாதவராக அவர் ஆயுள் முழுவதும் இருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகும், பதில் சொல்ல வருபவருக்காக ஜீவிதா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். நான் கதவுக்கு வெளியே, ஜோஜோ நிற்கும் படியில் போய் நிற்பேன். உள்ளே பேசுவது எதுவும் என் செய்தியில் வராது.

மைக் செட்காரரே, அணைத்துவிடுங்கள். அடுத்துப் பேசவேண்டியவருக்கு அது வேண்டாம்.