முள்ளில்லாத தண்டு

அன்று மலையில் இருந்தவர்கள் மூன்று பேர். குழுத்தலைவர் ஓக்-மன், முழங்கால் வீங்கியதால் குடிசையிலேயே தங்கிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். என் மனைவியின் தம்பி தல்-ஹோ. அப்புறம் நான். மழைக்காலம், பழம் சிவக்கும் சமயம். கங்வோன் மலைகளில் ஜின்செங் என்கிற மருந்து வேரைத் தேடுகிற எவனும் வீட்டில் இருக்கமாட்டான்.

ஜின்செங்கை அடையாளம் காண்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. முழங்கால் உயரத் தண்டு, விரித்த கைபோல் ஐந்தைந்தாக இலைகள், நடுவில் சிவப்புப் பழக்கொத்து. அதே ஐந்து இலையோடு ஒரு முட்புதரும் அங்கே வளர்கிறது. புதியவர்கள் அதைப் பார்த்து ஏமாறுவார்கள். நான் ஏமாந்ததில்லை. தண்டைத் தொட்டால் போதும். ஜின்செங்குக்கு முள் கிடையாது.

வளர்ப்பதுதான் கஷ்டம். வடக்குப் பார்த்த சரிவு வேண்டும், கருவாலி மர நிழல் வேண்டும். விதை முளைக்கவே இரண்டு குளிர்காலம் ஆகும். முளைத்ததை எலி தின்னும், மிச்சத்தை அழுகல் தின்னும். வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில் யாருக்கும் தெரியாமல் விதைத்தேன். என் பெண்களிடம்கூட அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் தோண்டி, பாசியில் சுற்றி, உயர்மலையில் தானாக முளைத்தது என்று விற்றேன். வாங்கியவர்கள் நோயாளிகள். சிலர் பிழைத்தார்கள். அதை யாரும் என் கணக்கில் சேர்ப்பதில்லை.

தல்-ஹோ கண்டுபிடித்துவிட்டான். ஆண்டுதோறும் தண்டு உதிர்ந்த தழும்பு வேரின் கழுத்தில் இருக்கும். காட்டு வேரில் அவை நெருக்கமாக இருக்கும். என்னுடையதில் தள்ளித் தள்ளி இருந்தன. அன்று காலை ஏறும்போது சொன்னான்.

"மாமா, உங்க வேரு நல்லா தின்னு வளர்ந்திருக்கு. உங்க தொப்பை மாதிரியே."

"உளறாதடா."

"தலைவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. மலை எறங்கறதுக்குள்ள. இல்லன்னா நான் சொல்லுவேன். அக்கா மூஞ்சிக்காகத்தான் இந்த நேரமே குடுக்கறேன்."

பொய் வேர் விற்றவனை எந்தக் குழுவும் மறுபடி மலையேற விடாது. அவன் வீட்டில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள். எனக்கு இரண்டு பெண்கள். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அதையும் சொல்லிவிட வேண்டும். கோபம் வராத பையன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேரைக் கண்டவன் 'வேர் கண்டேன்' என்று மூன்று முறை கத்துவான். காதில் விழுந்த அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். நடந்தால் நாற்று நசுங்கும். கண்டவன் எழுப்பும்வரை எழக்கூடாது, பேசக்கூடாது. இதில் தல்-ஹோ பிடிவாதக்காரன். போன வருஷம் செவ்வெறும்புப் புற்றின்மேல் உட்கார்ந்துவிட்டு, தலைவர் தோண்டி முடிக்கும்வரை முனகக்கூட இல்லை. "பின்னாடிதான் எரியுது, மானம் எரியலையே" என்று பிறகு குப்புறப் படுத்துச் சிரித்தான்.

நண்பகலில் அவன் ஓடையைக் கடந்துகொண்டிருந்தான். கணுக்கால் அளவுத் தண்ணீர், நடுவில் தட்டைப் பாறை. நான் மேலே கரைச் சரிவில். காலையிலிருந்தே மலையுச்சி மழைமேகத்தில் கறுத்துக் கிடந்தது. ஓடையின் மேல்பக்கம் கற்கள் உருண்டுவரும் சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்குக் கேட்டிருக்காது, பக்கத்திலேயே சிறிய அருவி. என்னைச் சுற்றி லேசான மூட்டம். முழங்கைக்குப் பக்கத்தில் ஐந்து இலை தெரிந்தது. மூன்று முறை கத்தினேன். மூட்டத்தில் ஏமாந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளாக விசாரணையில் உங்களிடம் சொல்லிவந்தேன்.

அவன் பாறையில் உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கிடைத்த முதல் நிஜக் காட்டு வேர் என்று நினைத்திருப்பான். தண்ணீர் பாறைமேல் ஏறியபோது என்னைப் பார்த்தான். இடுப்புக்கு வந்தபோதும் பார்த்தான். திருப்பத்தில் செம்மண் நிற வெள்ளம் வந்தது. பாதி எழுந்தான், என் வாயைப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான். பிறகு பாறையே தெரியவில்லை.

குடிசையில் கருகிய வாடை. அடுப்புக்கு எட்டாத தூரத்தில் தலைவர் உட்கார்ந்திருந்தார்.

"நீ கத்துனது கேட்டுச்சு, அதான் எந்திரிக்கல. சோறு போச்சு. வேரு எங்கடா? பையன் எங்க?"

"பின்னால வர்றான், நீங்க எந்திரிங்க" என்றேன்.

இன்று என் கையைத் திருப்பிப் பார்த்தீர்கள். கட்டைவிரலில் முள் குத்திய தழும்பு. ஆமாம், தண்டைத் தொட்டேன். தொடாமல் நான் கத்துவதில்லை. முள் ஏறியது. அதற்குப் பிறகுதான் கத்தினேன், மூன்று முறையும். ஆனால் அவன்மேல் என் விரல்கூடப் படவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுந்துவிட்டீர்கள். கூப்பிடும்வரை இங்கேயே உட்காரச் சொல்கிறீர்கள். உட்காருகிறேன், எனக்குப் பழக்கம்தான். உட்காரச் சொன்னவர் கூப்பிடாமல் போய்விடமாட்டார், ஐயா. மனுஷன் அப்படிச் செய்வானா.

கதவைச் சாத்துகிறீர்கள். வெளியே பூட்டு விழுகிறது.