சாவி சட்டைப் பையில்

மத்தியானம் இரண்டு மணி. சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தது? கொளுத்துகிற வெயில். ஈ காக்கை இல்லாத தார்ச்சாலை. இரண்டு பக்கமும் உப்பு பூத்த வெற்று நிலம்... நிழல் என்று பார்த்தால் வண்டிக்கு அடியில் கிடந்தது மட்டும்தான். அங்கேதான் நடந்தது, என் சகலையின் அண்ணனுக்கு. அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள், கண்ணைக் குத்துகிறது.

அவரை எல்லோரும் ‘ஹாரன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து மீன் ஏற்றிக்கொண்டிருந்தார். முன்னால் போகிறவன் பிரேக் பிடிப்பதற்குள் இவர் ஹாரன் அடித்துவிடுவார். எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம். நல்ல மனிதர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாய் வரவில்லை.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி, மெக்கானிக். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வண்டியானாலும் சரி, பானெட்டைத் திறந்து கையை உள்ளே விடுவதற்கு முன்னால் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். போட்டுப் பித்தானையும் மாட்டுவான். “கை உள்ள, சாவி பையில” என்பான். கழுத்தில் எப்போதும் ஒரு துண்டு. வலது மோதிர விரலில் இரும்புக் குழாயை அறுத்துத் தானே கடைந்த ஒரு வளையம். தங்கத்தில் வாங்கித் தருகிறேன் என்று அக்கா எத்தனையோ தடவை சொன்னாள். கழற்ற வராது, விரலோடு சேர்ந்து வளர்ந்துவிட்டது என்று சிரிப்பான்.

இது நடப்பதற்கு ஆறு மாதம் முன்னால், ஒரு காலையில் வண்டியின் பெல்ட் தேய்ந்து கத்த ஆரம்பித்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் வைத்து மச்சினன் பழைய பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் புல்லிச் சக்கரங்களில் மாட்டிக்கொண்டிருந்தான். ஹாரன் டிரைவர் சீட்டில். லோடு காத்திருக்கிறது... போன் மேல் போன் வருகிறது.

“இன்னும் முடியலையா மாப்ள?”

“கடைசி புல்லிதான் மாமா. கை உள்ள இருக்கு. கொஞ்சம் வாய மூடிட்டு இருங்க.”

வாயை மூடு என்றது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மச்சினன் பையில் இருந்தது ஒரு சாவி. இவரிடம் மாற்றுச் சாவி ஒன்று இருந்தது. அடையாளத்துக்காக மனைவி அதன் வளையத்தில் சிவப்பு ஒயரைச் சுற்றிக் கொடுத்திருந்தாள். பயல் ஒரு தடவை அலறட்டும் என்று நினைத்தார். செருகினார். திருப்பினார்.

அலறல் வரவில்லை. எலும்பு முறிகிற சத்தம்தான் வந்தது, கரும்பு ஒடிப்பது மாதிரி... கையைப் பிடித்த பெல்ட், கழுத்தில் கிடந்த துண்டையும் பிடித்தது. துண்டு அவன் கழுத்தை இழுத்தது. முகம் போய்ச் சுழலுகிற விசிறியில் மோதியது. திறந்த பானெட்டின் உள்பக்கம் முழுக்கச் சூடாக எதுவோ தெறித்தது. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்த அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று நொடி. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்து அவர் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. செத்தவன் சட்டைப் பையின் பித்தானைக் கழற்றினார். உள்ளே இருந்த சாவியை எடுத்து வண்டியில் செருகினார். சிவப்பு ஒயர் சாவியை ஷெட்டுக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடையில் வீசினார். பிறகுதான் ஆளைக் கூப்பிட்டார்.

“அவனே சாவியப் போட்டுட்டு, ஸ்டார்ட் பண்ணுங்க மாமான்னான். பண்ணேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. மனைவி மட்டும், அழுது தொண்டை கட்டிப்போன குரலில் ஒன்று கேட்டாள்.

“அவன் சாவிய வண்டியில விட மாட்டானேங்க. அந்த இன்னொரு சாவி எங்க?”

“அது எப்பவோ தொலஞ்சு போச்சு.”

செத்தவனின் அறுந்த மோதிர விரல் மட்டும் கிடைக்கவே இல்லை. இன்ஜினுக்கு அடியில், ஷெட் தரையில், எங்கும் தேடிப் பார்த்தார்கள். நாய் தூக்கிப் போயிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் புது பெல்ட்டை ஹாரன் மாற்றவில்லை. புதுசுதானே என்று சோப்புப் போட்டுக் கழுவி, வெளியூர் மெக்கானிக் ஒருவனை வைத்து அதையே மாட்டி ஓட்டினார். இப்போது யாரும் சிரிக்கவில்லை பாருங்கள்.

புது பெல்ட் வருஷக்கணக்கில் உழைக்கும். இது இரண்டே மாதத்தில் கத்த ஆரம்பித்தது. காலையில் இன்ஜின் உயிர் பிடித்ததும் கீ...ச் என்று ஒரு சத்தம். கூடவே ஒரு வாடை. ரப்பர் கருகுகிற வாடை என்றால் பரவாயில்லை... முடி பொசுங்குகிற வாடை. சோப்பைத் தேய்த்துப் பார்த்தார். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரை முறுக்கிப் பார்த்தார். ஊரில் எந்த மெக்கானிக்கும் அந்த வண்டியின் பானெட்டைத் தொட வரவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினார்.

அந்த மத்தியானம் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளோடு போகும்போது கத்தல் ரேடியோவை மிஞ்சியது. வண்டியை ஓரம் கட்டினார். போனில் சிக்னல் இல்லை. பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது... சீட்டுக்குப் பின்னால் புது பெல்ட் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். கூட நின்று பார்த்த வேலைதானே, நாமே மாட்டிவிடலாம் என்று இறங்கினார்.

பயம் இருந்தது. அதனால் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார். சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டார். பித்தானை மாட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சீட்டில் எறிந்தார். அதோடு விடவில்லை. பேட்டரியின் ஒயரையும் கழற்றித் தூர வளைத்து வைத்தார். இனி அந்த இன்ஜின் தும்மக்கூட முடியாது.

ஸ்பேனரைப் போட்டு டென்ஷனரை நெம்பினார். பழைய பெல்ட் நெகிழ்ந்து கையோடு வந்தது. திருப்பிப் பார்த்தார். வரிவரியான அதன் உள்பக்கத்தில் ஒரு விரல் இடைவெளிக்கு ஒரு வெடிப்பு. ஒவ்வொரு வெடிப்பிலும் கறுப்பாக ஏதோ சிக்கியிருந்தது. நகத்தால் நோண்டினார். முடி. ஆறு மாதம் ஓடிய பெல்ட்... அந்த முடி நனைந்திருந்தது. விரலில் சிவப்பு ஒட்டியது.

பெல்ட்டை ரோட்டுக்கு அப்பால் வீசினார். ஓடிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் லோடு... புது பெல்ட்டைக் கீழ்ப் புல்லியில் மாட்டினார். விசிறிப் புல்லியில் மாட்டினார். இடது கையால் டென்ஷனரை நெம்பிப் பிடித்துக்கொண்டு, வலது கை நான்கு விரலையும் பெல்ட்டுக்கு அடியில் கொடுத்துக் கடைசி புல்லியின் மேல் ஏற்றப் போனார்.

டிரைவர் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ உட்காருவது போல.

திறந்த பானெட் மறைத்தது. உள்ளே யார் என்று தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. அவருடைய குரல்... அவருடைய சொந்தக் குரல்.

“இன்னும் முடியலையா மாப்ள?”

விரலை வெளியே இழுத்தார். வரவில்லை. பெல்ட்டுக்கு அடியில், இருட்டில், எதுவோ அவர் விரல்களோடு கோத்துக்கொண்டிருந்தது. சின்னதாக, சூடாக. அதில் ஒரு இரும்பு வளையம் அவர் தோலில் அழுந்தியது.

“கை உள்ள இருக்குடா...” என்று கெஞ்சினார். “மாப்ள, கை உள்ள இருக்கு...”

சாவி திரும்புகிற சத்தம். க்ளக்.

பேட்டரி ஒயர் தூரத்தில் வளைந்து கிடக்கிறது. அவர் கண் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இன்ஜின் உறுமி எழுந்தது. நான்கு விரலும் பெல்ட்டோடு போயின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எலும்பு எலும்பாக அவருக்குக் கேட்டது. உள்ளங்கைத் தோல் மணிக்கட்டு வரை கையுறை மாதிரி உரிந்தது. இரத்தம் சூடான இன்ஜினில் பட்டுப் பொரிந்து புகைந்தது. மூன்று நொடி... அதற்கு மேல் ஓடவில்லை. தானாகவே நின்றது.

அந்த வழியாக வந்த தண்ணீர் லாரி டிரைவர்தான் அவரைப் பார்த்தார். கெட்டிக்கார மனிதர். தன் சட்டையைக் கிழித்துக் கையைக் கட்டினார். வண்டிக்கு அடியிலும் புல்லி இடுக்கிலும் கிடந்த விரல்களைக் கண்ணை மூடிக்கொண்டு வழித்து, ஒரு சோற்று டப்பாவில் மீன் ஐஸை அள்ளிப் போட்டு அதற்குள் வைத்தார். லாரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் ஹாரன் ஒரே பாட்டைப் பாடினாராம்: “வண்டியில சாவி இல்லைங்க. சாவி என் பையில இருக்குங்க.” லாரிக்காரர் தொட்டுப் பார்த்தார். இருந்தது. பித்தான்கூட மாட்டியிருந்தது.

மனைவி ஓடி வந்தாள். கட்டில் பக்கத்தில் வைத்துத்தான் நர்ஸ் டப்பாவைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தாள். நான்காவதை வைத்துவிட்டு நிறுத்தினாள்.

“இவருக்குக் கட்ட விரல் கையிலேயே இருக்கு. போனது நாலுதானே?”

“ஆமா” என்றாள் மனைவி.

நர்ஸ் டப்பாவை அவள் பக்கம் சாய்த்துக் காட்டினாள். உள்ளே இன்னும் ஒரு விரல். நகத்தடியில் கறுப்பு எண்ணெய், நடுவில் ஒரு இரும்பு வளையம். விரல் கொக்கி மாதிரி மடங்கி எதையோ இறுகப் பிடித்திருந்தது. நர்ஸ் இடுக்கியால் மெதுவாக விரித்தாள். வளையத்தில் சிவப்பு ஒயர் சுற்றிய ஒரு சாவி.

மனைவி அந்தச் சாவியைக் கையில் எடுத்தாள். கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“தொலஞ்சு போச்சுன்னீங்க” என்றாள்.

அப்புறம்தான் அவர் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினார். இல்லாவிட்டால் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அவர் எந்த ஜெயிலில் இருக்கிறார் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அந்த நர்ஸ் சொன்ன ஒன்றுதான் இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை. டப்பாவில் ஐஸ் போட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மற்ற நான்கு விரலும் வெளுத்து விறைத்திருந்தன. அந்த ஒன்றைச் சுற்றி மட்டும் ஐஸ் உருகிக் குழியாகியிருந்தது.