ஏற மறுத்த சுமை

– தலையில அடிச்சுக்கிட்டா ஃபைல் வந்துடுமா, அண்ணே? என்ன கமாண்ட் அடிச்சீங்க, அதச் சொல்லுங்க.

– செக்அவுட்டுதாம்மா. ஒரு பிராஞ்ச்லேர்ந்து, அதான் ஒரே வேலையோட ஒரு கிளைப் பிரதியிலேர்ந்து, இன்னொண்ணுக்குத் தாவ அதான்னு நேத்து நீதானே காட்டுன.

– அதுக்குப் பின்னாடி என்ன போட்டீங்க?

– ஃபைல் பேரு. அந்த ஃபைலுக்குத் தாவலாம்னு நெனச்சேன்.

– ஐயோ! பிராஞ்ச் பேரு குடுத்தாதான் தாவும். ஃபைல் பேரு குடுத்தா, முன்னாடி சேமிச்ச பழசக் கொண்டாந்து புதுசு மேல கவுத்துடும்.

– ஒரே வாய்க்கு ரெண்டு நாக்கா? அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேக்கலையே! குடோன்ல ஒடஞ்ச பெட்டியத் தூக்கிப் போடக்கூட மேஸ்திரியக் கேப்போமே.

– இது கேக்காது, அண்ணே. நானும் இதே குழியில விழுந்தவதான்.

– விழுந்தா எந்திரிக்கிற வயசு உனக்கு. நான் மூட்டை தூக்கி முதுகு போனப்புறம் எழுத்துக் கூட்டிப் படிச்சவன். சரக்கு ஏத்துறவங்களுக்கு வேலைக் குறிப்பு எழுதுன்னு இங்க உக்கார வெச்சாங்க. மத்தியானம் மேனேஜர் பாக்குறாரு. காட்ட ஒண்ணுமில்லன்னா திரும்ப மூட்டைதான், இந்த முதுகோட.

– பதறாதீங்க. போனது உங்களோடது மட்டும்தான். மத்தவங்க வேலை சர்வர்ல பத்திரமா இருக்கு. நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சுத் தர்றேன். வேற எதையும் தொடலையே?

– பழையபடி ஆகட்டும்னு ரீசெட் ஒண்ணு போட்டேன்.

– எது வரைக்கும் பின்னால போச்சு?

– தெரியலம்மா. போன மாசத் தேதி காட்டுச்சு.

– சரி சரி, அது உங்க மெஷினுக்குள்ளதானே. சர்வர்ல ஏத்தலையே?

– ஏத்திப் பாத்தேன். மாட்டேன்னு அடம் புடிச்சுது.

– அப்பாடா. அது மறிச்ச வரைக்கும் நாம தப்பிச்சோம். ஏறியிருந்தா சர்வர்ல எல்லாரோட ஒரு மாச வேலையும் அழிஞ்சிருக்கும்.

– எனக்கென்ன தெரியும்? மூட்டை உள்ள போகலன்னா தோளக் குடுத்துத் தள்ளித்தானே பழக்கம். இன்டர்நெட்ல தேடி, ஃபோர்ஸ்னு ஒண்ணச் சேத்து அடிச்சேன்.

– அண்ணே...

– சட்டுனு ஏறிடுச்சு. ஏம்மா, ஏன் இப்படி உக்காந்துட்ட? எல்லார் கிட்டயும் அவங்கவங்க பிரதி இருக்கும்ல?

– என் பழைய லேப்டாப் எரிஞ்சுபோய் இன்னிக்குதான் இதக் குடுத்தாங்க. இந்த ஒரு மாசம் நான் செஞ்ச வேலை இருந்த ஒரே எடம் அந்த சர்வர்தான், அண்ணே.