திரையில் தொண்ணூற்றேழு

“உன் பேர்லதானம்மா இருக்கு இந்த மாத்தம். அப்பறம் அந்த வரிய எடுத்தது யாரு, பேயா?”

“எடுத்தது நான்தான் சார். எடுக்கச் சொன்னது எப்சி அக்கா.”

“அவங்க எத்தன வருஷமா கெர்னல் எழுதறாங்க, அவங்களா இதைச் சொல்லுவாங்க?”

“சொன்னாங்க சார். கீழ பேக்கரில வச்சு. அக்கா, நீங்களே சொல்லுங்களேன்.”

அடுத்தவர் சண்டை போடும்போது நம் கையில் டீ சூடாக இருந்தால் அது ஒரு தனிச் சுகம். அன்று என் டீ ஆறிவிட்டது. எப்சி என்பது நான். கத்தியவர் எங்கள் மேனேஜர் ராஜாராமன். நின்றுகொண்டிருந்தவள் ஜெரூஷா. நான் அன்று என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், யாசீன் பாய் பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். சின்ன நர்சிங் ஹோம்களில் கட்டில் பக்கத்தில் வைக்கிற மானிட்டருக்கு உள்ளே ஓடுகிற மென்பொருள் எழுதுகிறோம். நோயாளியின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று திரையில் எண் வரும். எண் இறங்கினால் மானிட்டர் அலறும்.

எங்கள் அப்பார்ட்மெண்டில் மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போகவேண்டும், இறங்கியதும் சொல்லவேண்டும். மேலே யாருமில்லை என்று அவர் மனக்கணக்கில் வந்ததும் கதவைப் பூட்டிவிடுவார். ஒருமுறை தரைத்தளத்துப் பேபி அக்கா சொல்லாமல் வடகம் காயப்போடப் போய், உச்சிவெயிலில் மாட்டிக்கொண்டு கத்தியது பக்கத்துத் தெருவரை கேட்டது. மானிட்டருக்குள் எல்லாவற்றையும் நிர்வகிக்கிற அடிப்படை மென்பொருளான கெர்னலிலும் இதே சங்கதிதான். கிளிப்பின் விவரங்கள் நினைவகத்தில் ஓர் இடத்தில் இருக்கும். அதைப் பார்க்க வருகிற ஒவ்வொரு பகுதியும் ‘கெட்’ சொல்லிப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் ‘புட்’ சொல்லி விடவேண்டும். பிடித்திருப்பவர் யாருமில்லை என்றானால் கெர்னல் அந்த இடத்தை விடுவித்துவிடும். கெட் சொல்லாமல் உள்ளே இருப்பவர் பேபி அக்கா மாதிரிதான். என்ன, அவர் கத்தமாட்டார்.

எண்ணைத் திரையில் காட்டி, இறங்கினால் அலறுகிற பகுதியை எழுதியவள் ஜெரூஷா. அதில் ஒரு கெட் இருந்தது, அதற்கு ஜோடியாக ஒரு புட். இரண்டும் சரியான இடத்தில். அந்தப் பெண் எழுதியதில் பொதுவாகக் குறை கண்டுபிடிக்க முடியாது. அதுவே எனக்கு ஓர் உறுத்தல். அவள் எழுதுவதைப் பார்த்து ஒப்புதல் தருவது என் வேலை.

அவள் அதை எழுதி முடித்த வாரம்தான் யாசீன் பாய் கேட்டார்: “இன்னாக்கா, உங்க ஆபீஸ் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம், கேக் ஆர்டர் வந்துகீது. உங்களுக்கே மேட்டர் தெரியாதா?”

தெரியாது. ஆபீஸில் யாருக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள், யார் வீட்டில் மாமியாரும் மருமகளும் பேசுவதில்லை என்பதெல்லாம் என்னிடம் வந்துதான் மற்றவர்களுக்குப் போகும். சோதனை அறை டேனியலுக்குக்கூட அவள் சொல்லியிருந்தாள். நான் கேட்டபோது, “உங்ககிட்ட சொன்னா தாம்பரத்துக்கே தெரிஞ்சிடும்னு அம்மா பயந்தாங்க அக்கா” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே, “அந்தக் கெட் வேணாம்மா. கிளிப் கோட்லயே பிடிச்சு வச்சிருக்கு. கெட்டையும் புட்டையும் எடுத்துடு, நீட்டா இருக்கும்” என்றேன்.

“நெஜமாவா அக்கா? கேபிளப் பிடுங்குனா?”

“அதெல்லாம் பாத்துக்கும்.”

அவள் கேட்டது சரியான கேள்வி. ஆனாலும் என் பேச்சை நம்பி எடுத்தாள். நான் ஒப்புதல் கொடுத்தேன்.

நான் போட்ட திட்டம் இவ்வளவுதான். சோதனை அறையில் கேபிளைப் பிடுங்கியதும் மானிட்டர் மாட்டிக்கொண்டு முழிக்கும். நாலு பேர் முன்னால் ராஜாராமன் கேட்பார். அவள் முகம் சுருங்கும். நான் நடுவில் புகுந்து காப்பாற்றுவேன். அதன் பிறகாவது எதுவானாலும் முதலில் என்னிடம் வருவாள். பெரிய பாவமாக எனக்குத் தோன்றவில்லை.

டேனியல் ஒழுங்கான பையன் என்பதை நான் யோசிக்கவில்லை. திரையில் நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் கேபிளைக் கழற்றுவான். கையேடு அப்படித்தான் சொல்கிறது. பொத்தானை அழுத்தினால் அலறும் பகுதி தானாகவே ஒதுங்கிவிடும், கெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எத்தனை முறை சோதித்தாலும் தேறியது. மானிட்டர்கள் வெளியே போயின. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்பார்களே.

மழைக்காலத்தில் பேபி அக்காவின் கணவர் தட்சிணாமூர்த்தியை நிமோனியா என்று பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். கட்டில் பக்கத்தில் எங்கள் மானிட்டர் இருந்தது. நர்ஸ் ஒருத்தி பக்கத்துக் கட்டிலின் கேபிளைப் பொத்தானைத் தொடாமல் வெடுக்கென்று பிடுங்குவதையும் பார்த்தேன். ‘பொத்தானை அழுத்திட்டுக் கழட்டும்மா’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய்வரை வந்தது. அதற்குப் பதிலாகப் பேபி அக்காவிடம், “மருமக வந்து பாத்தாளா?” என்று கேட்டேன். “எங்க வந்தா” என்று அக்கா ஆரம்பித்தார். நல்ல சுவாரசியமாகத்தான் இருந்தது.

மறுநாள் எக்ஸ்ரேக்கு அழைத்துப்போக தட்சிணாமூர்த்தியின் கேபிளைப் பிடுங்கினார்கள். திரும்பக் கொண்டுவந்து மாட்டினார்கள். பிடித்திருந்தவர் யாருமில்லை என்று பழைய இடத்தைக் கெர்னல் விடுவித்திருந்தது. அலறும் பகுதிக்கு அது தெரியாது. அது அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தது. விடுவித்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்காரும்வரை பழைய எண் அப்படியே கிடக்கும். எக்ஸ்ரேக்கு முன்னால் இருந்த எண்.

“தொண்ணூத்தேழுன்னே காட்டிச்சு எப்சி” என்றார் பேபி அக்கா, நான் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது. “நல்லாத்தான இருக்காருன்னு காபி குடிக்கப் போனேன். வந்து தொட்டா சில்லுன்னு இருக்கார். அப்பவும் தொண்ணூத்தேழு.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. அதன் பிறகு அவர் வீட்டைத் தாண்டிப் போகவேண்டி வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவேன், சத்தம் கேட்டுக் கூப்பிட்டுவிடுவார் என்று.

இப்போது அந்தச் சண்டைக்கு வருகிறேன். நர்சிங் ஹோமிலிருந்து புகார் வந்து, மென்பொருளைப் பிரித்துப் பார்த்ததில் அந்த வரி இல்லாதது தெரிந்திருந்தது. “நீங்களே சொல்லுங்களேன்” என்று ஜெரூஷா கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்கு அப்படி ஞாபகம் இல்லையேம்மா” என்றேன். “பேக்கரில நாம கல்யாணப் பேச்சுதான பேசுனோம்.”

அவள் அழவில்லை. “சரிக்கா” என்றாள். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அந்தக் கெட்டைத் திரும்ப எழுதிச் சேர்த்தது நான்தான். “நல்லவேளை நீங்க இருந்தீங்க” என்றார் ராஜாராமன். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்.

அதன் பிறகு நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. யாசீன் பாய் கேட்டார், அவருக்கு மட்டும் சொன்னேன், அந்தப் பெண்ணின் தவறால் ஓர் உயிர் போய்விட்டது என்று. மாப்பிள்ளை ஆபேலின் அம்மா அங்கேதான் ரொட்டி வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியாது என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். தெரியும்.

பேபி அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டு வண்டலூரில் மகனோடு இருக்கிறார், அந்த மருமகளோடுதான். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, “நீ ஒருத்திதான் வந்து பாத்த” என்றார். ஆபேல் தன் அம்மாவை எதிர்த்துக்கொண்டு ஜெரூஷாவைக் கட்டினான். இருவரும் ஓசூர்ப் பக்கம் போய்விட்டார்களாம்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எதையும் விடாமல் எழுதியிருக்கிறேன். அந்த வரி தேவை என்று தெரிந்தே எடுக்கச் சொன்னேன்; தட்சிணாமூர்த்தி செத்தது அதனால்தான்; ஜெரூஷா சொன்னதெல்லாம் உண்மை. ராஜாராமன் நாளைக் காலையில் வந்ததும் இதை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

ஆனாலும் ஒன்று. அந்தக் கல்யாணம் நடந்ததையும் நான் பேக்கரியில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஊரைவிட்டே போகிறவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.